துரை மாடத்துப் பிடிமண்

ரங்கூன் வெயிலில் வீட்டுக்குள் உட்கார்ந்து குளிர்காய அடுப்பு கட்டிய மனிதனைக் கிறுக்கன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால் எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். "அந்தக் கிறுக்கன் போட்ட சோத்துலதான்டி இந்த ஒடம்பு வளந்துச்சு" என்பாள். துரையைக் கண்ணால் பார்த்த நினைவுகூட அவளுக்குக் கிடையாது. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் துரை ஓடிப்போனார். அம்மா அப்போது தவழ்கிற பிள்ளை. ஆனாலும் பேச்சைக் கேட்டால் நேற்று சாயங்காலம்தான் துரை கையால் பிஸ்கோத்து வாங்கித் தின்றவள் மாதிரி இருக்கும்.

அம்மா பிறந்ததும் நான் பிறந்ததும் அந்த வீட்டின் பின்கட்டு லைன் வீட்டில். அம்மாவைப் பெற்ற தாத்தா துரைக்குப் பட்லர். துரை தேக்கு வியாபாரி. ஏரிக்குப் போகிற வழியில் ஒரு மேட்டை வளைத்துப்போட்டு, சீமையில் அவருடைய அப்பா வீடு எப்படி இருந்ததோ அச்சு அசலாக அதே மாதிரி இங்கே கட்டிக்கொண்டார். கூரை செங்குத்தாக இறங்கும். பனி வழுக்கி விழுவதற்காம். எங்கள் காலத்தில் அதில் வழுக்கி விழுந்ததெல்லாம் மழைத்தண்ணீரும் நான் எறிந்த பந்தும்தான். இரண்டு புகைக்கூண்டுகள். வாசலுக்கு மேலே, கல்லில் வெட்டிய வீட்டின் பெயர். அது அந்தச் சீமை வீட்டின் பெயரேதான் என்று தாத்தா சொல்வாராம். அந்தப் பெயரைப் பர்மியர்களாலும் சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது. எல்லாருக்கும் அது துரை வீடு.

கூடத்து நடுவில் இருந்தது அந்தக் குளிர்காய்கிற அடுப்பு. அதைப் பார்த்துத்தான் தாத்தா ஒரு தப்பு செய்தார். தப்பு என்றுதான் நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதிதாக வேலைக்கு வந்த தாத்தாவின் கண்ணுக்கு அது அடுப்பாகத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதில் யாரும் சோறு பொங்கவில்லை. சுவரில் ஒரு மாடம். மாடத்துக்கு மேலே பலகை. பலகையில் துரையின் அப்பா அம்மா படம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, நடுவில் தினமும் மாற்ற வேண்டிய பூ. அதற்கும் மேலே அந்தச் சீமை வீட்டின் படம். கீழே மாடத்துக்குள் சாம்பல்நிறக் கல் ஒன்று. துரை காட்டுக்குப் புறப்படும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அந்தக் கல்லை விரலால் தொடுவார். திரும்பி வந்தாலும் முதல் வேலை அதுதான். வருஷத்தில் ஒருநாள், அவர்களுடைய பெரிய நாளன்று, அதில் கட்டையை அடுக்கி நெருப்பு வைப்பார்கள். கூடம் கொதிக்கும். விருந்துக்கு வந்த துரைமாரும் துரைசாணிமாரும் கோட்டும் கவுனும் தொப்பலாக நனைய, முகம் செக்கச் செவேலென்று சிவந்துபோய் அதைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே விசிறிக் கயிற்றை இழுப்பவன் பாடு சொல்லவே வேண்டாம்.

தாத்தா முடிவு கட்டிவிட்டார். இது துரையின் குலசாமி மாடம். வருஷத்துக்கு ஒருநாள் நடப்பது கோயில் கொடை.

"அப்புறம் ஏன் அந்த ஆளு செருப்புக் காலைத் தூக்கி மாடத்து விளிம்புல போட்டுக்கிட்டு சுருட்டு குடிச்சாராம்?" என்று நான் அம்மாவை மடக்குவேன்.

"அவுக சாமிக்கு அது மரியாதையா இருக்கும். ஒனக்கென்ன தெரியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

தாத்தா கப்பலேறும்போது ராமநாதபுரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். பிடிமண். அந்த மண்ணை எங்கே வைக்கிறோமோ அங்கே சாமி வந்து குடியிருக்கும். ஆனால் எங்கே வைப்பது? லைன் வீடோ ஒண்டுக்குடித்தனம். ஒரே அறையில் நாலு பேர் சமையலும் படுக்கையும். துரை விடுமுறைக்குச் சீமை போயிருந்த சமயத்தில் தாத்தா மாடத்துக் கல்லை நெம்பிப் பார்த்தார். அது பூசாமல் சும்மா பதித்திருந்தது. அடியில் நம்முடைய கரிசல் மண்ணைப் பரப்பிவிட்டுக் கல்லைத் திரும்ப வைத்துவிட்டார். சாமிக்குப் பக்கத்தில் சாமி. துரை திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்தபோது, அவர் சாமியோடு எங்கள் சாமியும் சேர்ந்து கும்பிடு வாங்கிக்கொண்டது.

ஜப்பான் குண்டுக்கு ஓடிப்போன துரை பிறகு திரும்பவில்லை. சண்டைக்குப் பிறகு அரசாங்கம் வீட்டை எடுத்து ஆபீஸாக்கியது. கூடத்தில் மேஜை நாற்காலி வந்தது, மாடத்துக்கு மேலே இருந்த படங்கள் போயின. தாத்தா அங்கேயே தர்வானாக, அதாவது காவல்காரராக, ஆனார். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு என் அப்பா. ஆபீஸர்கள் பர்மியர்கள். வீட்டுக்கு வீடு நாட் சாமிக்குத் தேங்காய் கட்டித் தொங்கவிடுகிற ஜனங்கள். ஓர் இடத்தில் ஒரு சாமி இருக்கிறது என்றால் அது யாருடையது என்று கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் அம்மா அந்த மாடத்தில் விளக்கேற்றுவாள். தலைமைக் குமாஸ்தா தன் பங்குக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார்.

எனக்கு அந்த வீடு வேறு மாதிரி. ஆபீஸ் பூட்டிய பிறகு சாவிக்கொத்து அப்பா கையில். கூட்டிப் பெருக்கும் சாக்கில் நானும் உள்ளே போவேன். பிறகு அது என் வீடு. மாடிப்படியின் தேக்குக் கைப்பிடியில் சறுக்கிச் சறுக்கி எத்தனை பாவாடை கிழிந்திருக்கும்! மேற்கு ஜன்னலின் கலர்க் கண்ணாடி வழியாகத் தரையில் விழுகிற சிவப்பும் பச்சையும். பெரிய மழையில் புகைக்கூண்டுக்குள் காற்று புகுந்து ஊ என்று ஊளையிடும், இரண்டு சொட்டு கீழே மாடத்துக் கல்லில் வந்து விழும். திஞ்சான் திருவிழா மாதத்து வெயிலில், ஊரே தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூத்தாடும்போது, நான் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பேன். ஐஸ் மாதிரி இருக்கும். "எந்திரிடி எருமை, சாமி கல்லு மேல படுக்கிறவளப் பாரு" என்று அம்மா விளக்குமாற்றோடு வருவாள். இன்றைக்கும் வெயில் தாங்கவில்லை என்றால் என் வலது கன்னம் அந்தக் கல்லைத்தான் தேடுகிறது. எனக்கு அந்த வீடு வேண்டும். எங்கள் பாட்டன் சொத்தா, பத்திரம் இருக்கிறதா, ஒன்றும் கிடையாது. இருந்தாலும் வேண்டும்.

தலைநகரத்தை ரங்கூனைவிட்டுத் தூக்கிக்கொண்டு போனபோது ஆபீஸும் போயிற்று. அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் அம்மாவும் காலி வீட்டுக்குக் காவல். கல்யாணம் காட்சி எனக்கு அமையவில்லை, அது வேறு கதை. பிறகு ஒரு நாள் அடைமழையில் லாரி வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. கூடத்துக் கதவுக்கு அதற்குள் வேறு பூட்டு போட்டுவிட்டார்கள். சட்டி பானையை மூட்டை கட்டி லாரியில் எறிந்துவிட்டு, நனைந்த கோழிகளாகத் தாமுவே பேட்டைக்கு வந்தோம்.

வீட்டைப் பறிகொடுத்ததைக்கூட அம்மா பெரிதாகச் சொல்லமாட்டாள். "சொல்லிக்காம வந்துட்டோமேடி" என்பதுதான் அவளுடைய மாறாத புலம்பல். அவளுக்கு அது பெரிய விஷயம். கடைக்குப் போகிறவள்கூட அவளிடம் "போறேன்" என்று சொல்லிவிட முடியாது. "போறேன்னு சொல்லாத, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று வாசல்வரை வந்து சொல்ல வைத்துவிட்டுத்தான் விடுவாள். அப்படிப்பட்டவள் தன் அப்பா வைத்த சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டாள். பிடிமண்ணையும் எடுத்து வரவில்லை.

தாமுவேயில் எங்களுக்கு மூன்றாவது மாடி. நான் காலையில் தெருமுனையில் தோசைக்கடை போடுவேன். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. பால்கனியில் உட்கார்ந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கிக் காய்கறி வாங்குவதோடு சரி. மின்சாரம் வந்ததும் தெருவே "மீ லாப்பி!" என்று கூவும்போது அவளும் சின்னப்பிள்ளை மாதிரிச் சேர்ந்து கூவுவாள்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சாப்பாடு குறைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயசு, வேறொன்றுமில்லை என்றார்கள். அதே வாரம் தோசை வாங்க வந்த ஒரு டாக்ஸிக்காரர், ஏரிப் பக்கத்துத் துரை வீட்டைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள், ஓட்டலாகப் போகிறதாம் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? அம்மாவிடம் உளறிவிட்டேன்.

அவள் காய்கறிப் பையைக் கயிற்றோடு சுருட்டி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்.

"எவனோ கட்டில போட்டுப் படுப்பான். அதுக்கு அடியில எங்கப்பா வச்ச சாமி கெடக்கணுமா? நான் கண்ண மூடுறதுக்குள்ள அந்தப் பிடிமண்ண எடுத்தாந்துரு. கரிசலு, கறுப்பா இருக்கும், பாத்தாலே தெரியும். அது என் தலமாட்டுல இருந்தாத்தான் எனக்கு உசுரு நிம்மதியாப் போகும்."

"ஓட்டல்காரன் என்னை வா வான்னு வெத்தல பாக்கு வச்சு அழைப்பானா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் மறுநாள் காலை மாவை எடுத்து வைத்துவிட்டு, கடையைப் போடாமல் பஸ் ஏறினேன்.

தகரக் கதவுக்காரன் உள்ளே விடவில்லை. என்ன வேலை என்றான். மண் எடுக்க வேண்டும் என்றேன். ஏற இறங்கப் பார்த்தான். நான் போட்ட சத்தத்தில்தான் உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் மஞ்சள் தொப்பி, கன்னத்தில் தனாக்காப் பூச்சு. வீட்டைப் புதுப்பிக்கிற என்ஜினியராம். எல்லாரும் மரியாதையாகச் சயாமா என்றார்கள். நானும் சயாமா என்று ஆரம்பித்துத் தாத்தா, துரை, கல், சாமி எல்லாவற்றையும் பர்மிய மொழியில் ஒரே மூச்சில் கொட்டினேன். முதலில் சிரித்தாள். கல்லைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அது கீழே பூசாமல் இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நேற்றுத்தான் தூக்கினோம்" என்றாள். "கறையான். நாளைக் காலையில் மருந்து அடித்து சிமெண்ட் போட்டு மூடிவிடுவோம். உங்கள் அம்மாவை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரே ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும்."

நான் ஓடினேன். இந்த வயதில் ஓடினேன்.

மூன்று மாடியிலிருந்து அம்மாவை எப்படி இறக்குவது? எதிர்வீட்டுப் பாய், கீழ்வீட்டுப் பர்மிய அண்ணன், இரண்டு பேரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். "மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரில்ல இருக்கு. மேளந்தான் கொறச்சல்" என்றாள். மடியில் மஞ்சள் துணியும் ஒரு செம்பும்.

டாக்ஸி மேடேறி நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். செங்குத்துக் கூரை, இரண்டு புகைக்கூண்டு, எல்லாம் அப்படியே இருந்தன. "சின்னதாப் போச்சேடி" என்றாள். எனக்கு அது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

கூடத்தில் பலகைத் தரையைப் பாதி பெயர்த்திருந்தார்கள். மாடத்துக்கு முன்னால் நாற்காலியை வைத்தோம். கல்லைப் புரட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். என் கன்னம் அறிந்த பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. நானும் அம்மாவும் பார்த்திராத அடிப்பக்கம் எங்களைப் பார்த்தது. அதில் எழுத்து வெட்டியிருந்தது.

சயாமா அம்மாவைப் பார்த்து, விரலை வைத்துக் காட்டினாள். "அமே, இது நம் நாட்டுக் கல்லே இல்லை. வாசலுக்கு மேலே இருக்கிற அதே பெயரைத்தான் இதிலும் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் இதிலே இருக்கிற வருஷம் இந்த வீட்டைவிட ரொம்பப் பழையது. அங்கே அவனுடைய அப்பா வீட்டில் கிடந்த கல்லாக இருக்கும். ஒரு கல்லைப் போய் அத்தனை கடல் தாண்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான் பாருங்கள், கிறுக்கன்."

அம்மா சிரிக்கவில்லை. கிறுக்கன் என்றதற்குக் கோபப்படவும் இல்லை. பிடிமண் என்பதற்குப் பர்மிய மொழியில் அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை போலிருக்கிறது. கையை மூடி முஷ்டியாக்கி, இடுப்பில் முடிந்துகொள்வது மாதிரி வைத்துக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா தப்பாவா நெனச்சாக?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷம் இதை வைத்துத் தாத்தாவைக் கேலி செய்தவள் நான்.

கல் இருந்த பள்ளத்தில் மண்டியிட்டுக் கையை விட்டேன். கரிசலைத் தேடினேன். கறுப்பே இல்லை. அத்தனை வருஷக் கறையானும் மழைச் சொட்டும் சேர்ந்து, இந்த மேட்டின் செம்மண்ணை மேலே கொண்டுவந்து, எல்லாவற்றையும் குழைத்துப் புற்றாக்கி வைத்திருந்தன. கல்லின் பொடி, துரை எரித்த கட்டையின் சாம்பல், எங்கள் மண், ஒன்றையும் பிரிக்க முடியாத ஒரே பழுப்பு. நகம் வலிக்கத் தோண்டினேன். இன்னும் கொஞ்சம் தோண்டினால் கொஞ்சமாவது கறுப்பாக அகப்படாதா என்று பார்த்தேன். அவள் கேட்டது கறுப்பு மண். அது இல்லாமல் எப்படி இவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னத்தடி தேடுற?"

"கரிசலக் காணோம்மா. எல்லாம் கலந்து போச்சு."

அம்மா நாற்காலியிலிருந்து குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"கலக்காம என்ன செய்யும்? நான் பொறந்ததுலருந்து ஒண்ணாத்தான கெடந்துச்சு. புத்து வேற கட்டியிருக்கு, அதவிட என்ன வேணும்? தேடாத. வர்றத அள்ளு."

மஞ்சள் துணியில் அள்ளி வைத்தேன். அவளே முடிந்தாள். கற்பூரம் கொண்டுவந்திருந்தாள். மரவீடு, மருந்து டப்பாக்கள் வேறு கிடக்கின்றன, நெருப்பு மட்டும் வேண்டாம் அமே என்று சயாமா கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர்காய்கிற அடுப்பில் நெருப்பு வைக்கக் கூடாதாம். அம்மா சரி என்று கற்பூரத்தை அப்படியே பள்ளத்தில் வைத்துவிட்டாள். தலைமைக் குமாஸ்தாவின் நினைவாகவோ என்னவோ இரண்டு வாழைப்பழத்தையும் வைத்தாள்.

"இந்தக் கல்ல என்ன பண்ணுவீங்க?" என்று சயாமாவைக் கேட்டாள்.

"திரும்ப இங்கேயே பதித்துவிடுவோம். ஓட்டலுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும்."

"அவுக ஆளுக யாரும் கேட்டு வரலையா?"

சயாமா உதட்டைப் பிதுக்கினாள். அம்மா அந்தக் கல்லை ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம், அவனுக்கு யாரு வந்து பிடிமண்ணு எடுப்பா?" என்று தமிழில் முணுமுணுத்தாள். பிறகு மடியில் இருந்த முடிச்சைத் தட்டிக்கொடுத்து, "அவனும் இதுலயே கெடக்கட்டும்" என்றாள். குனிந்து விரலால் கல்லைத் தொட்டாள். உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அவள் முடிச்சைப் போட்ட செம்பை மடியில் அணைத்துக்கொண்டு, மழை நின்ற தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி. அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"என்ன, இந்தத் தடவயாவது சொல்லிக்கிட்டு வந்தியா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"போறேன்னு."

நான் அவளைத் திருத்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மண் ஒட்டியிருந்தது. டாக்ஸி வளைவில் திரும்பும்போது புகைக்கூண்டு மறைகிற வரைக்கும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.